கொரிந்துவின் பந்தியும் 'அபாத்திரமாய்' என்ற சொல்லும்

உங்கள் அம்மா பல வருடங்களாகத் திருவிருந்து, அதாவது சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தி, எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் முதலாம் கொரிந்தியர் 11:27. "எவன் அபாத்திரமாய்க் கர்த்தருடைய அப்பத்தைப் புசித்து" என்ற வரி அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் கைபேசிச் செயலியில் ஸ்ட்ராங் எண் 371-ஐ, அதாவது மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியலில் கொடுத்திருக்கும் எண்ணை, தட்டிப் பார்த்தீர்கள். 'தகுதியற்ற விதமாக' என்று ஒரே ஒரு வரி வந்தது, அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. மூலத்தில் இதற்கு உண்மையான அர்த்தம் என்ன, கிரேக்கம் தெரியாத ஒருவர் பின்னணியையும் மூலச்சொற்களையும் வைத்து வேதம் படிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். எனக்குப் படுவது, இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: தகுதியில்லாத ஆள் பந்திக்கு வரக்கூடாது என்று, கொரிந்துச் சபைக்கு அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் சொன்னாரா? அவர் அப்படிச் சொல்லவில்லை. ஏன் என்பதை அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக் காட்ட முடியாது. அதனால்தான் பதில் நீளமாகிறது.

நான் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படித்து, பிறகு அதையே பல வருடங்கள் பாடமாக நடத்தியவன். தொல்லியல் என் துறை இல்லை. கொரிந்துவின் அகழாய்வு பற்றிச் சொல்வதெல்லாம் அறிக்கைகளைப் படித்துத் தெரிந்துகொண்டது. திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் என்னவாகின்றன என்பதில் கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ, பெந்தெகொஸ்தே சபையார் ஆளுக்கொரு நிலையில் நிற்கிறார்கள். அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் முயலப்போவதில்லை.

மூலமொழி ஆர்வம் வந்தவுடன் பெரும்பாலானவர்கள் நேராக அகராதிக்குப் போகிறார்கள். அங்கேதான் வழி தவறுகிறது. பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள்: 'அகாபே' என்றால் தெய்வீக அன்பு, 'ஃபிலியோ' என்றால் வெறும் நட்பு, யோவான் 21-ல் 'என்னை நேசிக்கிறாயா?' என்று இயேசு கேட்டது ஒரு சொல்லில், பேதுரு பதில் சொன்னது வேறொரு சொல்லில் என்று. ஆனால் அதே யோவானில் பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்ற செய்தி 3:35-ல் ஒரு வினையிலும் 5:20-ல் மற்றதிலும் வருகிறது. தேமா இந்தப் பிரபஞ்சத்தின்மேல் ஆசை வைத்துப் பவுலை விட்டுப் போனதற்கு 2 தீமோத்தேயு 4:10-ல் இருப்பது 'அகாபே' வினைதான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அம்னோன் தாமார்மேல் கொண்ட கேடான மோகத்துக்கும் அந்த வினையே வருகிறது. சொல்லுக்குள் ஒரு பொருளைப் புதைத்து வைத்து எல்லா இடத்திலும் அதையே தோண்டி எடுக்க முடியாது. ஜேம்ஸ் பார் என்ற வேதாகம ஆய்வாளர் 1961-லேயே இந்தத் தவறைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார். இருந்தும் ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது ஒரு மேடையில் அது தொடர்கிறது. எனக்கு அதில் கோபத்தைவிட வருத்தமே அதிகம், ஏனென்றால் கேட்கிறவர்கள் அதை மூலமொழியின் பெயரால் நம்பிவிடுகிறார்கள்.

ஆகவே சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஊரைப் பார்ப்போம். பழைய கிரேக்கக் கொரிந்துவை கி.மு. 146-ல் ரோமத் தளபதி மும்மியுஸ் அழித்தார். நூறு வருடம் அது நகரம் என்ற பெயருக்கே தகுதியில்லாமல் கிடந்தது. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். குடியேறியவர்களில் பெரும்பங்கு விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு குறுகிய நிலத்தில், மேற்கே லெகையோன், கிழக்கே கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகங்களோடு இருந்த ஊர். பணம் புரண்டது. பரம்பரைப் பெருமை இல்லாதவர்கள் பணத்தாலும் பதவியாலும் விருந்தாலும் மேலே ஏற முடிந்த ஊர் அது. பவுல் அங்கே ஒன்றரை வருடம் இருந்தார் என்று அப்போஸ்தலர் 18:11 சொல்கிறது. அதே அதிகாரத்தில் வரும் கல்லியோன் என்ற அதிபதியின் பெயர் தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் இருக்கிறது. அதை வைத்து அவர் பதவிக்காலத்தை கி.பி. 51, 52 என்று ஓராண்டு முன்பின்னாகக் குறிக்கலாம். பவுலின் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியான தேதி வேறு கிடையாது. கடிதம் அதற்குச் சில வருடங்கள் கழித்து எபேசுவிலிருந்து போனது. இதுவரை சொன்னதில் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை.

அடுத்தது வீடு. அந்தக் காலத்தில் சபை கூடத் தனிக் கட்டடம் இல்லை, யாராவது ஒருவர் வீட்டில்தான் கூடினார்கள். கொரிந்துவிலிருந்து எழுதிய ரோமர் 16:23-ல் பவுல் "சபையனைத்தையும்" உபசரிக்கிற காயு என்ற ஒருவரைச் சொல்கிறார். வசதியான ரோம வீட்டில் சாப்பாட்டு அறை என்பது மூன்று பக்கமும் சாய்மஞ்சங்கள் போட்ட ஒரு சிறிய அறை. வழக்கமான கணக்கில் ஒன்பது பேர் சாய்ந்து உட்காரலாம். மற்றவர்கள் வெளியே முற்றத்தில்தான். விருந்து தொடங்குவது பிற்பகலில். எஜமானுக்கு வேலை செய்கிற அடிமையும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரும் அந்த நேரத்துக்கு வந்துசேர முடியாது. அவர்கள் வரும்போது உள்ளே இருப்பவர்கள் சாப்பிட்டுக் குடித்து முடித்திருப்பார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று 11-ஆம் அதிகாரத்தின் 21-ஆம் வசனம் சொல்வது இந்தக் காட்சியோடு அப்படியே பொருந்துகிறது.

எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் ஒரே சாப்பாடு கிடைக்காது. இளைய பிளினி என்ற ரோம எழுத்தாளர் ஒரு கடிதத்தில் தான் போன விருந்து ஒன்றை வருணிக்கிறார். வீட்டுக்காரர் தனக்கும் சிலருக்கும் நல்ல பதார்த்தங்கள் வைத்தார், மற்றவர்களுக்கு மட்டமான துண்டு துணுக்குகள். திராட்சரசத்தைச் சின்னக் குப்பிகளில் மூன்று தரமாகப் பிரித்திருந்தார்: தனக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒன்று, அடுத்த நிலை நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. பிளினிக்கே அது பிடிக்கவில்லை. தன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ரசம்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிறார். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் யாரை முதல் பந்தியில் உட்கார வைப்பது, யாருக்கு எந்த இலை என்று நடந்த கூத்துகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளினி எழுதியது இத்தாலியில், பவுலுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. கொரிந்துச் சபையின் அந்த வீட்டை யாரும் தோண்டி எடுக்கவில்லை. சபையார் மாளிகையில் அல்ல, கடைகளுக்கு மேலிருந்த அறைகளிலோ பட்டறைகளிலோ கூடியிருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு, அவர்கள் வாதம் வலுவானது. எனவே சாப்பாட்டு அறை, முற்றம் என்று நான் வரைந்த படத்தை நடந்திருக்கக்கூடியது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பவர்கள் வயிறார உண்ண, "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று 22-ஆம் வசனத்தில் பவுல் கேட்பது மட்டும் எந்தப் படத்தை வரைந்தாலும் மாறாது. பின்னணி ஆராய்ச்சி பகுதிக்கு வெளிச்சம் தர வேண்டும். பகுதியில் இல்லாத ஒன்றைப் பின்னணி கொண்டுவந்து சேர்த்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

இப்போது சொற்களுக்கு வரலாம். 20, 21 வசனங்களில் பவுல் ஒரே சொல்லை இரண்டு முறை வைத்து மோதவிடுகிறார். 'தெய்ப்னொன்' என்றால் நாளின் முக்கியமான சாப்பாடு, மாலை விருந்து. நீங்கள் உண்பது கர்த்தருடைய 'தெய்ப்னொன்' அல்ல, ஒவ்வொருவனும் உண்பது தன் சொந்த 'தெய்ப்னொன்' என்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் முதலாவது "இராப்போஜனம்", இரண்டாவது "சாப்பாடு". இரண்டும் சரியான தமிழ்தான், ஆனால் அந்த மோதல் கொஞ்சம் மறைந்துவிடுகிறது. விருந்து யாருடையது என்பதுதான் பவுலின் கேள்வி. வீட்டுக்காரன் தன் விருந்தாக நினைத்தால் தன் அந்தஸ்துப்படி இலை போடுவான். கர்த்தருடைய விருந்து என்றால் அவன் அங்கே விருந்தாளிகளில் ஒருவன்.

அதே 21-ல் "முந்திச் சாப்பிடுகிறான்" என்று வரும் வினை 'ப்ரொலம்பனோ'. முந்தி எடுப்பது என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் கொரிந்துவுக்குப் பக்கத்திலேயே, எபிதௌரோஸ் என்ற ஊர்க் கோயிலில், இரண்டாம் நூற்றாண்டு நோயாளி ஒருவர் தான் குணமானதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். தெய்வம் தனக்குச் சொன்ன பத்தியத்தில் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் சாப்பிடச் சொன்னதற்கு இதே வினையைப் போடுகிறார். அங்கே 'முந்தி' என்ற அர்த்தம் தேய்ந்துபோய் வெறுமனே 'உண்' என்று நிற்பதாகத் தெரிகிறது. 33-ஆம் வசனத்தில் "காத்திருங்கள்" என்று வரும் 'எக்தெகொமை'யும் இப்படித்தான்: புதிய ஏற்பாட்டில் மற்ற இடங்களில் காத்திருப்பது, வெளிக் கிரேக்கத்தில் விருந்தாளியை வரவேற்று உபசரிப்பது என்ற பொருளும் உண்டு. ஆக இரண்டு வாசிப்புகள். முந்தி உண்ணாதீர்கள், காத்திருங்கள் என்பது ஒன்று. தானே விழுங்காதீர்கள், ஒருவரையொருவர் உபசரியுங்கள் என்பது மற்றது. நான் முதலாவதின் பக்கம் சாய்கிறேன். பவுல் இதே கடிதத்தில் 16:11-ல் அந்த வினையை எதிர்பார்த்துக் காத்திருப்பது என்ற பொருளில் சொல்கிறார். ஆனால் அதற்காகச் சண்டை போட மாட்டேன். எந்த வாசிப்பிலும் குற்றம் ஒன்றுதான், சகோதரன் பசித்திருக்க நான் தின்பது.

இனி உங்கள் அம்மாவின் சொல். கிரேக்கத்தில் 'அனாக்ஸியோஸ்'. கடைசியில் வருவது நெடில் ஓகாரம். குறிலாக இருந்தால், 'அனாக்ஸியொஸ்', அது பெயரடை: தகுதியற்ற ஆள். நெடிலானால் வினையடை: தகாத விதமாக. பவுல் இதே கடிதத்தில் 6:2-ல் பெயரடையைப் போட்டிருக்கிறார், அங்கே ஆட்களைப் பற்றிப் பேசுகிறார், "அற்ப வழக்குகளைத் தீர்க்க நீங்கள் அபாத்திரரா?" என்று தமிழில் வருகிறது. 11:27-ல் அவர் ஆளைச் சொல்லவில்லை, புசிக்கிற, குடிக்கிற விதத்தைச் சொல்கிறார். இதில் சந்தேகமே கிடையாது, எந்த இலக்கண நூலும் இதைத்தான் சொல்லும். நம் தமிழ் மொழிபெயர்ப்பும் இதைத் தவறவிடவில்லை. "அபாத்திரன் புசித்தால்" என்று எழுதாமல் "அபாத்திரமாய்ப் புசித்து" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நாம்தான் வேகத்தில் ஆளைப் படித்துவிட்டோம். அந்தத் தகாத விதம் எது? அதை வெளியே தேட வேண்டாம், 17 முதல் 22 வரை பவுல் விவரித்து முடித்துவிட்டார். 27-ஐ "இப்படியிருக்க" என்று தொடங்குவதே முன்னே சொன்னதன்மேல் நின்றுதான்.

29-ஆம் வசனத்தில் இன்னொரு சிக்கல். "கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாததினால்" என்று படிக்கிறோம். மிகப் பழைய கையெழுத்துப்படிகளில், ஏறத்தாழ கி.பி. 200 என்று கணிக்கப்படும், நாணல்தாளில் எழுதிய பாப்பிரஸ் 46 உட்பட, இந்த வசனத்தில் 'அபாத்திரமாய்' என்ற சொல்லும் இல்லை, 'கர்த்தருடைய' என்ற சொல்லும் இல்லை. சரீரத்தை நிதானித்தறியாமல் புசிக்கிறவன், அவ்வளவுதான். பிரதி எடுத்தவர்கள் 27-ஐப் பார்த்து இரண்டையும் இங்கே சேர்த்திருக்க வேண்டும் என்று கருதுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 1871-ல் வந்த நம் பழைய தமிழ் வேதாகமம் பின்வந்த பிரதிகளைத் தழுவியது. பாப்பிரஸ் 46 வெளிச்சத்துக்கு வந்ததே 1930-களில்தான். அப்படியானால் எந்தச் சரீரம்? அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரத்தைக் காணாமல் சாதாரணச் சாப்பாடாக உண்பது என்று ஒரு பாரம்பரியம் சொல்கிறது. சபையாகிய சரீரத்தைக் காணாமல் உண்பது என்று மற்றொன்று. "அநேகரான நாம் ஒரே அப்பமும் ஒரே சரீரமுமாயிருக்கிறோம்" என்று 10:17 சொல்வதாலும், 12-ஆம் அதிகாரம் முழுக்கச் சபையே சரீரம் என்பதாலும் எனக்கு இரண்டாவதே முன்னே நிற்கிறது. ஆனால் 27-ல் சரீரமும் இரத்தமும் சேர்ந்து வருவதை வைத்து முதலாவதைப் பிடிப்பவர்களை மறுக்க முடியாது. பவுல் மனதில் இரண்டும் தனித்தனியாக இருந்திருக்காது என்பதே என் எண்ணம்.

பயமுறுத்துகிற பகுதி 29 முதல் 32 வரை. "ஆக்கினைத்தீர்ப்பு" என்று காதில் விழுந்தவுடன் நரகம் நினைவுக்கு வருகிறது. கிரேக்கத்தில் இங்கே ஒரே வேரிலிருந்து சொற்கள் சரம்போல வருகின்றன. 29-ல் 'க்ரிமா', தீர்ப்பு. அதே வசனத்தில் 'தியாக்ரினோ', நிதானித்தறிவது. 31-ல் அதுவே மறுபடியும், கூடவே 'க்ரினோ', நியாயந்தீர்ப்பது. 32-ல்தான் 'கதாக்ரினோ', தண்டனைக்குள்ளாகத் தீர்ப்பது. அந்த 32 என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்: உலகத்தோடே அந்தத் தண்டனைக்குள் விழாதபடிக்குக் கர்த்தர் இப்போது நம்மைச் சிட்சிக்கிறார். ஆக 29-ல் சொன்ன தீர்ப்பு பிள்ளையைத் திருத்துகிற தகப்பனின் கண்டிப்பு. கடைசி ஆக்கினைக்கு அது தடுப்பு. தமிழில் இரண்டு இடத்திலும் 'ஆக்கினை' என்ற சொல் வந்துவிட்டதால் இந்த வேறுபாடு தெரிவதில்லை. மூலமொழி உண்மையாகவே கைகொடுக்கிற இடம் இது.

30-ஆம் வசனத்தை ஒளித்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொன்னால் நேர்மையாக இருக்காது. சபையில் பலர் பலவீனராயும் நோயாளிகளாயும் இருப்பதையும் சிலர் இறந்ததையும் பவுல் இந்தப் பந்தி நடத்தையோடு நேரடியாக இணைக்கிறார். அந்நாளில் கொரிந்துவில் தானியத் தட்டுப்பாடு இருந்திருக்கலாம், ஏழைகளின் பசியும் நோயும் அதோடு சேர்ந்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தினிப்புஸ் என்பவர் தானிய விநியோக அதிகாரியாக மூன்று முறை இருந்ததைப் பாராட்டும் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அது எந்த வருடம் என்று அறுதியிட முடியவில்லை, ஆகவே இதை ஊகமாகவே வையுங்கள். பவுல் அந்தச் சபையை அறிந்து, அந்தச் சபைக்குச் சொன்ன வார்த்தை அது. இன்னாருக்கு வந்த நோய் இன்ன பந்தியால் என்று வீடு வீடாகச் சொல்ல அவர் நமக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. யாராவது அம்மாவின் நோயை இந்த வசனத்தோடு முடிச்சுப்போட்டிருந்தால், அதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

அப்புறம், பந்திக்கு முன் தன்னைச் சோதிக்கிற பழக்கமே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். 28-ஆம் வசனமே அதைச் சொல்கிறது. 'திதக்கே' என்ற மிகப் பழைய கிறிஸ்தவப் போதனை நூலின் 14-ஆம் அதிகாரம் அப்பம் பிட்குமுன் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. கூட்டாளியோடு சண்டையில் இருப்பவன் சமாதானமாகும்வரை சேரவேண்டாம் என்றும் சொல்கிறது. அங்கேயும் கவனம் உறவின்மேல்தான். ஆனால் 28-ன் வினைகளை வரிசையாகப் பாருங்கள்: "தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தபின் விலகிப்போ என்று இல்லை. புசி என்றுதான் இருக்கிறது. யாரோடாவது மனக்கசப்பு இருந்தால் அம்மா அதைச் சரிசெய்யட்டும், பிறகு வரட்டும். தான் பரிசுத்தமாகிவிட்ட பிறகுதான் வருவேன் என்று காத்திருக்கச் சொல்கிற வரி இந்தப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. உங்கள் சபையின் ஒழுங்கு என்ன, அவர் மனதில் வேறென்ன பாரம் இருக்கிறது என்பதெல்லாம் தூரத்தில் இருக்கும் எனக்குத் தெரியாது. இந்த வசனங்களை எடுத்துக்கொண்டு அவரை நம்பிக்கையான ஒரு ஆயரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கிரேக்கம் தெரியாமல் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு, தொண்ணூறு பங்கு முடியும். முதலில் முழுக் கடிதத்தையும் ஒரே மூச்சில் தமிழில் படியுங்கள். சத்தமாகப் படித்தால் ஒரு மணி நேரம்போல ஆகும். பென்சிலால் திரும்பத் திரும்ப வரும் சொல்லைக் கோடிடுங்கள். இந்தப் பகுதியில் 'கூடிவருதல்' 17, 18, 20, 33, 34 என ஐந்து இடத்தில் வருவதைக் கிரேக்கம் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவீர்கள், பிரச்சினை எதைப் பற்றியது என்பதும் அதிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு பழைய மொழிபெயர்ப்பையும் பொது மொழிபெயர்ப்பையும் (திருவிவிலியம்) பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே இரண்டும் பெரிதாக வேறுபடுகின்றனவோ அங்கே மூலத்தில் ஏதோ இருக்கிறது. அப்போது அகராதிக்குப் போகலாம். ஸ்ட்ராங் 1890-ல் எண் கொடுத்தது ஆங்கில ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பின் சொற்கள் மூலத்தில் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க. அந்த எண்ணை வைத்து அதே சொல் வரும் மற்ற வசனங்களைத் தேடுங்கள், முதலில் அதே ஆசிரியர் எழுதியவற்றில். பக்கத்தில் இருக்கும் ஒரு வரி அர்த்தத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பழகிப் பார்க்க அடுத்து இதே கடிதத்தின் 8 முதல் 10 வரையான அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி. எகிப்தில் கிடைத்த ஒரு சின்னப் பாப்பிரஸ் துண்டில் கைரேமோன் என்பவர், சராபிஸ் தெய்வத்தின் பந்தியில், அந்தக் கோயிலிலேயே, நாளை ஒன்பதாம் மணிக்கு (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணிபோல) சாப்பிட வரும்படி ஒருவரை அழைக்கிறார். அதைப் படித்த கையோடு 8:10-ஐயும் 10:25 முதல் 28 வரையும் படியுங்கள். கோயில் பந்தி, கடைத்தெரு இறைச்சி, நண்பர் வீட்டுச் சாப்பாடு என்று பவுல் மூன்று இடங்களுக்கு ஏன் மூன்று பதில் சொல்கிறார் என்று எழுதிப் பாருங்கள். எங்காவது தடுக்கினால் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.